கண்ட்ரோல், ஆல்ட், கே

அத்தியாயம் 14

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டிருந்த ரோசலினிடம் போன வாரம் விடைபெற்றோம். வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

மூத்த மகன் மார்க், நூர் ஃபாத்திஹாவைக் கைப்பிடிக்க மதம் மாறி, அலோர் ஸ்டார் ஊருக்குக் குடிபோய் இரண்டு வருஷமாகிறது. அன்றைக்கே அந்தோணிராஜ் மனைவியை வீட்டுப் பீடத்தின் முன்னால் நிறுத்தி, "இனி அவனோட பேச மாட்டேன்" என்று பைபிளில் கை வைக்கச் சொன்னார். ரோசலின் வைத்தாள். இன்றுவரை அந்தச் சத்தியத்தை மீறவும் இல்லை. பேச மாட்டேன் என்றுதானே சத்தியம்? எழுத மாட்டேன் என்று யார் சொன்னது? வாரம் ஒரு ஈமெயில் மகனுக்குப் போனது, வாரம் ஒன்று வந்தது. அந்தோணிராஜுக்குக் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றே தெரியாது.

போன மாதம் அந்தப் பதில் நின்றுபோனது. 'அன்னாள் திருவிழாவுக்கு நாங்க பி.எம். வர்றோம், எங்கயாவது தூரமா நில்லு, ஒரு தடவை உன் முகத்தைப் பார்த்துக்கிறேன்' என்று எழுதிக் கேட்டாள். அதற்கு ஒரு வரி பதில் இல்லை. பி.எம். என்கிற புக்கிட் மெர்தாஜாமில், திருவிழாக் கூட்டத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் புனித அன்னாளின் சொரூபத்தைப் பார்க்கவே இல்லை, ஆயிரம் தலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தேடிக்கொண்டிருந்தாள். அது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். தாய்க்கும் ரோஷம் உண்டு.

இவ்வளவும் தெரிந்த ஒரே ஆள் மகள் ஷார்லின். பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பி.எம்.காரன் ஜோனத்தனோடு அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். அம்மா அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "அவனுக்கு இப்ப அவன் குடும்பம்தாம்மா. விடுங்க" என்று முதுகைத் தடவிக் கொடுப்பாள்.

இனி, வியாழக்கிழமை.

* * *

காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"ரோஸ் அக்கா, எங்க மாமனார் பேரு சவரிமுத்து."

"தெரியும்மா. நாளைக்குத்தானே முப்பதாம் நாள் பூசை? புக் ரெடி. நேத்தே அனுப்பினேனே, பார்த்தியா?"

"பார்த்தேன் லா. பதினொன்னாம் பக்கத்துல மட்டும் மரியதங்கம்னு இருக்கு. எங்க மாமியார் அதைப் பார்த்துட்டு, 'யாரு அந்தப் பொம்பளை?'ன்னு காலையில இருந்து சாப்பிடாம உக்காந்திருக்காங்க."

ரோசலின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களில் யார் காலமானாலும், ஜெபப் புத்தகம் ரோசலின் கையால்தான். பன்னிரண்டு பக்கம், அட்டையில் போட்டோ, உள்ளே ஜெபமாலை, பாட்டு, மன்றாட்டு. ஒவ்வொரு தடவையும் முழுதாக அடிக்க முடியுமா? அதனால் ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒரு குறுக்குவிசை வைத்திருந்தாள். கண்ட்ரோல், ஆல்ட், எம் அழுத்தினால் 'அருள் நிறைந்த மரியே' வந்து விழும். என் அழுத்தினால் 'நித்திய இளைப்பாற்றி'. கே அழுத்தினால் 'கிருபை தயாபத்து' மந்திரம் முழுசாக, கடைசி மன்றாட்டில் இறந்தவர் பேருக்கு இடம் விட்டு.

அந்தக் கேதான் ஒரு மாதமாக வேலை செய்யவில்லை. மற்றதெல்லாம் விழுகிறது, அது மட்டும் விழவில்லை. "கீபோர்ட் பழசாயிடுச்சும்மா" என்று ஷார்லின் புதிதாக ஒன்று வாங்கிக்கூடக் கொடுத்தாள். அதிலும் அதே கதை. பழைய புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள் ரோசலின். ஒட்டியதில்தான் மரியதங்கம் சவரிமுத்துவின் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டார்.

"மாமியார்கிட்ட சொல்லும்மா, அது போன மாசம் செத்துப்போன பாட்டி. தொண்ணூத்தி ரெண்டு வயசு. நாலு மணிக்குள்ள சரி பண்ணித் தர்றேன்."

போனை வைத்தாள். இதற்கு மேலும் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது.

அந்தோணிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். கோயிலில் கூட்டம். "என்னத்தையாவது அதுல தட்டிக்கிட்டே இரு" என்றார் கதவருகே. அது அவர் தினமும் சொல்வதுதான்.

* * *

கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் சுஹானா, பத்தரைக்கு மேலே வந்தாள். முப்பத்தைந்து வயது. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"ஒரு மாசமாவா? ஏன்க்கா முன்னாடியே கூப்பிடல? புதுசு வேற வாங்கியிருக்கீங்க. காசைப் பிடிச்ச கேடு லா."

முதலில் ஷிஃப்ட் விசையை ஐந்து தடவை தட்டிப் பார்த்தாள். "சில நேரம் தெரியாம இதைத் தட்டிட்டா, கீ எல்லாம் ஒட்டிக்கும். அது இல்ல." பிறகு தமிழ் எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி அழுத்தினாள். "மொழி மாறியிருந்தாலும் சில குறுக்குவிசை வேலை செய்யாது. அதுவும் இல்ல."

எம் விழுந்தது. என் விழுந்தது. கே விழவில்லை.

"அழுத்தும்போது ஏதாவது தெரியுதாக்கா?"

"ஓரத்துல ஏதோ மின்னுற மாதிரி இருக்கும். விளம்பரம்னு நினைச்சேன்."

சுஹானா திரும்பிப் பார்த்தாள். திரையில் திறந்திருந்த ஜன்னல்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். வெறும் திரை மட்டும் நின்றது. மறுபடி கண்ட்ரோல், ஆல்ட், கே.

திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. கடவுச்சொல் கேட்டது.

"இது கீபோர்ட் கோளாறு இல்லக்கா. உங்க கேயை வேற ஒரு ப்ரோகிராம் பிடிச்சு வச்சிருக்கு. ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உக்கார முடியாதுல்ல? மெஷினைத் திறந்ததும் யார் முதல்ல ஓடி வந்து உக்கார்றாங்களோ, அவங்களுக்குத்தான். இது உங்களுக்கு முன்னாடி வந்து உக்காந்துடுது."

"எந்த ப்ரோகிராம்?"

சுஹானா சிறிது நேரம் தேடினாள். அவளுடைய வாய் நின்றுவிட்டதை ரோசலின் கவனித்தாள்.

"அக்கா, இதை ஆபீஸ்ல முதலாளிங்க போடுவாங்க. நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் எழுதி வச்சுக்கும். யாரோ வேணும்னே போட்டிருக்காங்க."

ரோசலினுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அவமானம்தான் வந்தது. மகனுக்கு எழுதியது முழுக்க, 'சாப்டியாடா', 'உன் சட்டை இன்னும் என் அலமாரியிலதான் இருக்கு', எல்லாவற்றையும் இன்னொருவர் படித்திருக்கிறார். குளிக்கும்போது கதவைத் திறந்துவிட்டாற்போல் உடம்பு கூசியது.

அப்புறம் அந்தோணிராஜ் ஞாபகம் வந்தது. கதவருகே நின்று 'தட்டிக்கிட்டே இரு' என்றாரே. தெரியாத மாதிரி நடித்துக்கொண்டு, யாரையோ வைத்துப் போட்டுவிட்டாரா? முப்பது வருஷம் பொங்கிப் போட்ட கைக்கு இதுதானா?

"கடவுச்சொல் மறந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி வச்சிருக்காங்க" என்றாள் சுஹானா. "உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன? யார் வீட்டுப் பிராணின்னு தெரியலையே."

"டைகர்னு போடு. அவர் கல்யாணத்துக்கு முன்னாடி வளர்த்த நாய்."

போட்டாள். சிவப்பு எழுத்தில் தவறு என்றது.

ரோசலின் அந்தச் சிவப்பு எழுத்தை இன்னொரு தடவை படித்தாள். அவளுக்கு இன்னொரு பெயர் தெரியும். அதைச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, அப்பாவுக்குத் தெரியாமல் மாடிப்படிக்குக் கீழே பிஸ்கட் பெட்டியில் ஒரு கறுப்புப் பூனைக்குட்டி வளர்த்தார்கள். மலாயில் கிச்சாப் என்றால் சோயா சாஸ், அந்த நிறம் என்பதால் அதுவே பெயர். அந்தோணிராஜுக்குப் பூனை ஆகாது, இன்றுவரை அவருக்கு அந்த விஷயம் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவன் அலோர் ஸ்டாரில் இருக்கிறான்.

"தள்ளிக்கோம்மா" என்று சுஹானாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாதாவே, தவறு என்று வரட்டும் என்று வேண்டிக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

கிச்சாப்.

பெட்டி திறந்தது.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்கிற வேலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மாதமாக அழுதிருக்கிறாள் ரோசலின். முதுகைத் தடவிய கை அது. புதுக் கீபோர்ட் வாங்கிக் கொடுத்த கையும் அதுதான்.

"யாருன்னு தெரிஞ்சிடுச்சாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள் சுஹானா.

"என் மெயிலையும் ஒரு தடவை பாரும்மா" என்றாள் ரோசலின்.

சுஹானா பார்த்தாள். மார்க்கின் முகவரியிலிருந்து எது வந்தாலும் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு ஏற்பாடு அதில் இருந்தது. குப்பையில் முப்பது நாள் வரைக்கும் தங்கும். மூன்று கடிதம் கிடந்தது.

முதலாவது, திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால். 'அம்மா, கண்டிப்பா வர்றேன். கோயில் பக்கம் வேணாம், அப்பா பார்த்துடுவார். பி.எம். ஸ்டேஷன்ல அஞ்சு மணிக்கு இருப்பேன். ஃபாத்திஹாவும் வர்றா. என் புது நம்பர் கீழே இருக்கு.'

இரண்டாவது, திருவிழாவுக்கு இரண்டு நாள் கழித்து. 'ஏழரை வரைக்கும் இருந்தோம், மா. வர முடியலையா? பரவாயில்ல. ஷார்லின் நிச்சயத்துக்காவது ஓரமா வந்து நிக்கட்டுமா?'

மூன்றாவது, போன வாரம். 'உங்க பதில் கிடைச்சது, மா. நீங்க சொன்ன மாதிரியே இனி உங்க கண்ணுல பட மாட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை ரெண்டு பேரும் தோஹா போறோம். மூணு வருஷ வேலை. உடம்பைப் பார்த்துக்குங்க.'

ரோசலின் அதை மூன்று தடவை படித்தாள்.

"நான் பதிலே போடலையே" என்றாள்.

சுஹானா தேடினாள். "அனுப்பின பக்கத்துல ஒண்ணும் இல்லக்கா. அதை மட்டும் சுத்தமா துடைச்சிருக்காங்க." எழுந்து நின்று, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தாள். "நான் இந்த ப்ரோகிராமை எடுத்துடட்டுமா?"

"எடுத்துடு."

எடுத்தாள். மெஷினை அணைத்து மறுபடி திறந்தாள். கண்ட்ரோல், ஆல்ட், கே. 'கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க' என்று ஒரு பக்கம் முழுக்க வந்து விழுந்தது. கோளாறு தீர்ந்துவிட்டது. சுஹானா காசு வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

ரோசலின் சவரிமுத்துவின் பேரைச் சரியான இடத்தில் அடித்து, நாலு மணிக்குள் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினாள். செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துதானே ஆகவேண்டும்? அப்புறம் சமைக்கவில்லை, விளக்கேற்றவில்லை. சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள் இருக்கிறது என்பதை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

* * *

ஷார்லின் ஆறு மணிக்கு வந்தாள். கையில் கடையில் கட்டி வாங்கிய தாப்பாவ் பொட்டலம்.

"அம்மா, பாலத்துல ஒரே ஜாம் லா. உங்களுக்கு மீ கோரேங் வாங்கிட்டு வந்தேன். கொடைமிளகாய் போடாம..."

"கிச்சாப் வந்திருந்தான்" என்றாள் ரோசலின்.

ஷார்லினுக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். கைப்பையைக் கழற்றாமலே நின்றாள்.

"ரெண்டரை மணி நேரம் என் பிள்ளை ஸ்டேஷன்ல நின்னிருக்கான். நான் பத்து நிமிஷ தூரத்துல மெழுகுவர்த்தியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ என் பக்கத்துல நிக்கிறே. உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, 'அவன் வர மாட்டாம்மா, வாங்க போலாம்'னு என் கையைப் பிடிச்சு இழுத்தே. எப்படிடி முடிஞ்சது?"

"நீங்க எழுதினதைப் படிச்சேன்" என்றாள் ஷார்லின்.

"அதான் தெரியுதே!"

"அதுக்கு முன்னாடி. அந்த ப்ரோகிராம் எல்லாம் போடுறதுக்கு முன்னாடி. நிச்சயக் கார்ட் ப்ரிண்ட் எடுக்க வந்தேன். உங்க மெயில் திறந்தே கிடந்தது. 'ஷார்லின் கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும், எனக்கு நீதான் வேணும்'னு எழுதியிருந்தீங்க."

ரோசலினுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. எழுதியது நிஜம். ஏக்கத்தில் எழுதியது, ஆனாலும் எழுதியதுதானே?

"ஜோனத்தன் வீட்ல என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். 'மகன் விஷயம் முடிஞ்சு போச்சுதானே'ன்னு. அப்பா ஆமான்னார். நீங்களும் தலையாட்டினீங்க. நான் நம்பினேன்மா. ரெண்டு வருஷமா இந்த வீட்ல அவன் இல்லாததுதான் பேச்சு. நான் இருக்கிறது யாருக்குத் தெரியுது? உங்க அழுகையைத் துடைக்கிறதுக்கு மட்டும் ஷார்லின்."

"அதுக்காக என் பேர்ல அவனுக்குப் பதில் எழுதுவியா? என்ன எழுதினே? அவன் கண்ணுலயே பட மாட்டேங்கிறானே, அப்படி என்னத்தை எழுதினே?"

"நான் ஒரு எழுத்துகூட எழுதல."

"பொய் சொல்லாதே!"

"நீங்க அடிச்சதுதாம்மா." இப்போதுதான் ஷார்லினின் குரல் உடைந்தது. "திருவிழாவுக்கு மறுநாள் காலையில உக்காந்து அடிச்சீங்க. 'நீ என் வயித்துல பிறந்ததே பாவம். நான் செத்தாலும் வந்து முழிக்காதே'ன்னு. அப்புறம் அழிச்சிட்டீங்க. ஸ்க்ரீன்லதான் அழியும். அந்த ப்ரோகிராம்ல அழியாது. அடிச்சதெல்லாம் இருக்கும். அவன் நிச்சயத்துக்கு வர்றேன்னு எழுதினான். எனக்குப் பயம். அதை அப்படியே எடுத்து அனுப்பிட்டேன்."

அந்தக் காலைப்பொழுது ரோசலினுக்கு ஞாபகம் இருந்தது. ஆத்திரத்தில் அடித்து, கடைசி எழுத்து வந்ததும் பயந்துபோய், ஒவ்வொரு எழுத்தாக அழித்த, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாத வார்த்தை அது. மனசுக்குள் வைத்துப் பூட்டியதை மகள் தோண்டி எடுத்து மகன் கையில் கொடுத்திருக்கிறாள். கூடவே இருந்து குழி பறிப்பது என்பது இதுதான்.

அவள் போனை எடுத்தாள். காகிதத்தில் குறித்து வைத்திருந்த மார்க்கின் புது எண்ணை அழுத்தினாள். இரண்டு வருஷத்துச் சத்தியம் அந்த நிமிஷத்தில் உடைந்தது. அவள் பீடத்தின் பக்கம் பார்க்கவில்லை.

"ஹலோ?" பெண் குரல்.

"நான்... மார்க்கோட அம்மா."

அந்தப் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. "மாமி! நான் ஃபாத்திஹா. நல்லா இருக்கீங்களா?"

"அவன் இருக்கானாம்மா?"

"இருக்காங்க." கொஞ்சம் தயங்கினாள். "மாமி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. அந்த மெயிலை அனுப்பினது நீங்கதானா? அதைப் படிச்சதுல இருந்து அவங்க சரியாச் சாப்பிடல. நான் மட்டும்தான் நம்பல. எங்க மாமி இப்படி அனுப்பியிருக்க மாட்டாங்க, வேற யாரோ செஞ்ச வேலைன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். 'நான் அனுப்பல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமி. போதும்."

ரோசலின் நிமிர்ந்தாள். எதிரே ஷார்லின் நின்றிருந்தாள். எல்லாம் அவளுக்கும் கேட்டது.

"சொல்லுங்கம்மா" என்றாள் ஷார்லின், சத்தமில்லாமல். "ஷார்லின்தான் அனுப்பினான்னு சொல்லுங்க. எப்பவும் அவனைத்தானே காப்பாத்துவீங்க."

ஒரு வார்த்தை சொன்னால் மகன் கிடைப்பான். அந்த வார்த்தைக்குப் பின்னால் 'பின்னே யாரு?' என்ற கேள்வி வரும். ஷார்லினின் பெயர் வரும். அண்ணன் தங்கச்சி என்ற ஒட்டு அன்றோடு அறுந்துபோகும். ஒரு பிள்ளையைத் திரும்ப வாங்க இன்னொரு பிள்ளையைக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒரு தடவை, ஒரு ஈமெயிலில், யோசிக்காமல் கொடுத்தாயிற்று. அதன் பலன்தான் இது.

மார்க்கை நேரில் பார்த்தால் போதும் என்று நினைத்தாள். நாளைக்கே முதல் பஸ் பிடித்துப் போய் அவன் காலில்கூட விழலாம். பெற்ற பிள்ளை மன்னிப்பான். இவள் பெயரை மட்டும் இழுக்க வேண்டாம்.

"நான்தாம்மா அனுப்பினேன்" என்றாள் ரோசலின். "ஏதோ கோவத்துல அனுப்பிட்டேன். நாளைக்கு நானே வர்றேன். அவனைப் பார்த்து..."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. யாரோ நடந்து போனார்கள். ஒரு கதவு சாத்தப்பட்டது.

ஷார்லின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஃபாத்திஹா? அம்மா ஃபாத்திஹா?"

மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் பதில் வந்தது.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் மாமி" என்றாள் ஃபாத்திஹா. அழுதுகொண்டிருந்தாள். "அவங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. நீங்க இல்லன்னு சொல்றதை அவங்க காதால கேக்கட்டும்னுதான் போட்டேன்."